என் மனைவியின் முதல் நோயாளி

உதவி மருத்துவ அதிகாரி ஆவதற்குப் படிக்கப் போகிறேன் என்று என் மனைவி சொன்னபோது அவளுக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தனியார் கிளினிக்கில் கவுண்டர் வேலை. காலையில் கிள்ளானில் ரயில் ஏறிப் போய், நோயாளிகளைப் பதிந்து, மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வருவாள். நான் துறைமுகத்தில் கொண்டெய்னர் லோரி ஓட்டுகிறேன்.

"அப்ப நர்ஸா?" என்று எங்களோடு இருக்கும் என் அம்மா கேட்டார்.

"நர்ஸ் இல்ல அத்தே. நோயாளிய விசாரிக்கணும், சோதிச்சுப் பாக்கணும், காயம்னா தையல் போடணும். டாக்டருக்குப் பக்கத்துல நின்னு வேலை செய்யிற ஆளு."

"எஸ்டேட்டுல டிரசர் இருப்பாரே, அந்த மாதிரியா?"

"அதேதான். இப்ப அதுக்கு மூணு வருஷம் படிக்கணும்."

அம்மா என் பக்கம் திரும்பினார். "டிரசர் வந்தா லயத்துச் சனமே எழுந்து நிக்கும்டா" என்றார். அதுவே சம்மதம்.

ஆனால் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் கணிதத்துக்கு அவளுக்கு கிரெடிட் தகுதி இல்லை. அது இல்லாமல் கல்லூரி சேர்க்காது. பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தத் தாளை மறுபடி எழுதினாள். தேர்வு மண்டப வாசலில் நின்ற ஆசிரியர், "பெற்றோர் எல்லாம் வெளியே இருங்கள்" என்று மலாயில் சொல்லித் தடுத்தாராம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முடிவு வந்த அன்றுதான் நானும் சேர்ந்து சிரித்தேன்.

வகுப்பில் பெரும்பாலும் பள்ளி முடித்த கையோடு வந்த பையன்கள். எல்லாருக்கும் இவள் அக்கா. எலும்பு, நரம்பு, மருந்து என்று கற்றுக்கொண்டு வருவதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் உடம்பில் சரிபார்ப்பாள். பாசாருக்குப் போய்வந்த பையைக் கீழே வைத்ததும் ஹாலில் பாயை விரித்துவிடுவாள். விலாவுக்குக் கீழே விரலை வைத்துத் தட்டுவாள். கூச்சத்தில் நான் நெளிவேன்.

"காலேஜ்ல இருக்கிற பொம்மை இப்படியெல்லாம் ஆடாது. கொஞ்சம் சும்மா இருங்க லா."

இரண்டாம் ஆண்டு ஒருநாள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். செய்முறைத் தேர்வில் தோற்றுப்போயிருந்தாள். அதில் ஒருவர் நோயாளியாக நடிப்பார். இவள் பேச்சுக் கொடுத்து நோயைக் கண்டுபிடிக்க வேண்டும்.

"கேள்வியெல்லாம் சரியாத்தான் கேட்டேன். அவர பதில் சொல்லி முடிக்க விடலையாம். அடுத்த கேள்விக்கு ஓடிட்டேனாம்."

மறுதேர்வு இருந்தது. அதற்கு நான் நோயாளியாக நடித்தேன். முதலில் எங்கே வலி, எப்போதிலிருந்து வலி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். "இவ்வளவு நல்ல பேஷண்ட் எங்கேயும் வர மாட்டாங்க" என்றாள். பிறகு எங்கள் லோரி யார்டில் இருக்கிற ஆட்களை ஒவ்வொருவராக நடித்துக் காட்டினேன். நெஞ்சு வலியை வாயு என்று சாதிப்பவர், குடிப்பதை மறைப்பவர், எது கேட்டாலும் "பரவால்ல" என்பவர். நான் மழுப்ப மழுப்ப, அவள் அவசரப்படாமல் காத்திருக்கப் பழகினாள்.

ஒரு ஞாயிறு, முதுகு வலிக்காரனாக உட்கார்ந்திருந்தேன். "வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தபடி பேசாமல் இருந்தாள். அந்த மௌனத்தில் என்னையறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது. "பாதம் மரத்துப் போகுது. சில நேரம் கிளட்ச மிதிக்கிறதே தெரியல. தண்ணி எவ்வளவு குடிச்சாலும் தாகம் அடங்கல."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இது நடிப்பா?"

"இல்ல."

"யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"இப்பத்தான் சொல்றேன்."

அவள் திட்டவில்லை. மறுநாள் காலை கையைப் பிடித்து அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். இனிப்பு நீர் என்றார்கள், சர்க்கரை வியாதிதான். நல்லவேளை, சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்று டாக்டர் சொன்னபோது நான் அவளைப் பார்த்தேன். அவள் மருந்துச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். மறுதேர்வில் அவள் தேறியது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

படிப்பை முடித்து, பதிவும் கிடைத்து, ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் யார்டு டிரைவர் ஒருவரின் கை கொண்டெய்னர் கதவில் கிழிந்துவிட்டது. என் காரில் ஏற்றிக்கொண்டு அங்கேதான் ஓடினேன். முகக்கவசத்தோடு வந்த என் மனைவியின் கண்கள் அந்தக் கையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

"கூட வந்தவங்க கொஞ்சம் வெளிய இருங்க அண்ணே" என்றாள்.

கட்டின புருஷனைப் பார்த்து! வெளியே போய் நின்றேன். திரைச்சீலை இடைவெளியில் எல்லாம் தெரிந்தது. ஒவ்வொரு விரலாக மடக்கச் சொன்னாள், தொடுவது தெரிகிறதா என்று கேட்டாள், எக்ஸ்ரேவுக்கு அனுப்பினாள், டாக்டரை அழைத்துக் காட்டினாள். பிறகு உட்கார்ந்து நிதானமாகத் தைத்தாள். பாசாரில் வெண்டைக்காய் பொறுக்கும் அதே விரல்கள்தான். இங்கே அவை வேறொருவருடைய விரல்கள்போலத் தெரிந்தன. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரிடம், அவர் கேட்காமலே, "அது என் வீட்டுக்காரி" என்றேன்.

மருந்துச் சீட்டை நீட்டும்போதுதான் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்கள் பெரிதாக விரிந்தன. "ஐயோ, நீங்களா!"

"ஆமா தங்கச்சி" என்றேன். பக்கத்தில் இருந்த நர்ஸ் சிரித்துவிட்டார்.

அந்த டிரைவரை வீட்டில் விடக் கிளம்பினேன். அவருக்கு வீடு கம்போங் மேடானில். கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசல். "உங்க வீட்டுக்காரம்மா டாக்டரா அண்ணே?" என்று அவர் கேட்டதுதான் தாமதம், ஆரம்பித்துவிட்டேன். என்ன படிப்பு, எத்தனை வருஷம், எந்தெந்தப் பிரிவில் பயிற்சி, கணிதத் தாள், மறுதேர்வு, ஒன்றையும் விடவில்லை. சுபாங்கைத் தாண்டியபோது அவர் கட்டுப்போட்ட கையை மெல்லத் தூக்கினார்.

"அண்ணே, சாப்பிட்டுட்டுத்தான் மாத்திரை போடணும்னு அவங்க சொன்னாங்க. மொதல்ல ஒரு கடையில நிறுத்துங்க. மிச்சத்த அங்க சொல்லுங்க."