மிக நன்று என்று போட்டவள்

இன்று காலை எங்கள் கல்லூரித் தமிழ்த்துறைக்கு ஒரு படிவம் வந்திருக்கிறது. கலப்புக் கற்றல் பற்றி மாணவர் கருத்து. வாரத்தில் சில நாள் வகுப்பறை, சில நாள் செல்போன். அதற்குத்தான் இந்த அலங்காரப் பெயர். பிடித்திருக்கிறதா என்று கேட்டுக் கீழே ஐந்து வட்டங்கள். நமக்குத் தெரியாதா, எல்லாப் பிள்ளைகளும் 'மிக நன்று' என்ற கடைசி வட்டத்தைத்தான் தொடுவார்கள். இன்டர்னல் மார்க் எங்கள் கையில் இருக்கும்வரை அவர்கள் கருத்தும் எங்கள் கையில்தான்.

படிவத்தைப் பார்த்ததும் என் மூக்கில் பூச்சிமருந்து வாடை ஏறியது. சிரிக்காதீர்கள். சில வருஷம் முன்பு எம்.ரெட்டியபட்டியிலிருந்து படிக்க வந்த செல்வியின் நோட்டில் அந்த வாடைதான் அடிக்கும். சொந்தப் பருத்திக்காடு. காலை பஸ்ஸில் நசுங்கி அருப்புக்கோட்டையில் இறங்கி, வகுப்புக்குள் நுழையும்போதே சண்டைக்கு ஒரு சந்தேகத்தோடு வருவாள். இலக்கணத்தில் நான் தடுமாறினால் போதும், அவள் முகத்தில் விடிந்துவிடும். அப்படி ஓர் எதிரி வாய்க்க வாத்தியார் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

பிறகு வந்து தொலைந்தது, வாரத்தில் இரண்டு நாள் போன் வகுப்பு. அவள் வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவுடையது. அவர் காட்டுக்குப் போனால் போனும் போகும். போனின் பின்னால் அவளும் போகவேண்டும். காதில் நான், கண்ணெதிரே வெடித்த பருத்தி. "காதுதான கேக்குது, கை சும்மாதான இருக்கு" என்றாராம் அப்பா. மடியைக் கட்டிக்கொண்டு பருத்தி எடுக்கத் தொடங்கினாள். கேள்வி கேட்டால் மூச்சு வாங்கிக்கொண்டே பதில் வரும். இதை நான், என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும், துறைக் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னேன். 'உழைத்துக்கொண்டே கற்கிறார்கள்' என்று அறிக்கையில் ஏறிவிட்டது.

அந்த வருஷமும் படிவம் வந்தது. பின்வரிசையில் பிள்ளைகள் கறுவிக்கொண்டிருந்தார்கள். "பால்ல தண்ணியக் கலந்தா யாருக்கு சார் லாபம்?" என்றான் ஒருவன். செல்வி நேரே என் மேசைக்கு வந்தாள்.

"சார், நான் நல்லா இல்லைன்னு போடப்போறேன். போன் நாளக் கூட்டிட்டாகன்னா அப்பா என்னைய பஸ் ஏத்த மாட்டாக."

"ஏம்மா, நீ ஒருத்தி போட்டு என்ன ஆகப்போகுது? காலேஜப் பார்வையிட ஆளு வாராக. மிக நன்றுன்னு போட்டுட்டுப் போ."

"நெசமாவே ஒண்ணும் ஆகாதா சார்?"

"ஆகாது."

போட்டாள். 'மாணவர்களின் பெருவிருப்பத்திற்கு இணங்க' என்று சுற்றறிக்கை வந்தது. அடுத்த பருவத்தில் போன் நாள் நான்கு. "மிச்சம் ஒரு நாளைக்கு எதுக்கு பஸ்ஸு?" என்று அப்பா நிறுத்திவிட்டார்.

திரையில் மட்டும் அவள் பெயர் தவறாமல் வரும். ஒருநாள் மனசு கேட்காமல் கூப்பிட்டேன். "செல்வி, இருக்கியாம்மா?" காட்டுக் காற்று இரைந்தது. பிறகு ஓர் ஆண்குரல், அவ்வளவு மரியாதையாக.

"சார், அவ அந்தக் கடேசி வரிசையில நிக்கிறா. போனு எங்கிட்டத்தான் இருக்கு. நீங்க நடத்துங்க சார், நான் கேட்டுக்கிறேன்."

வேறென்ன செய்ய? வேற்றுமைத்தொகையை நடத்தினேன். செல்விக்கு வருகையும் போட்டேன். முடித்தபோது, "நல்லது சார், வாரேன்" என்றார் அவர். நாற்பது பேர் படித்த வகுப்பில் அன்று என்னிடம் சொல்லிக்கொண்டு போனவர் அவர் ஒருவர்தான்.