அம்மை வீட்டில் நிறுத்திய மாத்திரை

எனக்கு வாய் நீளம். எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வாயால்தான் என் அக்காளை இழந்தேன் என்று நான் சொன்னால் மட்டும், "சும்மா கெட" என்று அதட்டுவார்கள்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. அக்காவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கல்யாணமாகிக் குற்றாலத்தில் இருந்தாள், நான் தென்காசியில். மூட்டெல்லாம் வீங்கி, தன் தலையைத் தானே பின்ன முடியாமல் கிடந்தவளைத் திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். அவர் கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரையில் ஒரே மாதத்தில் எழுந்து மாவாட்டினாள். முகம் மட்டும் உப்பிவிட்டது. "சாரல் காத்து ஒத்துக்கிட்டு போலுக்கே, பூசணிக்காயாட்டம் ஆயிட்டியே" என்று கேலி செய்வேன். "கண்ணு வைக்காதட்டி" என்பாள்.

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். "இந்த மாத்திரை வீக்கத்தை அடக்கும். நோயை எதிர்க்கிற சக்தியையும் சேர்த்து அடக்கிரும். அம்மை கண்ட வீட்டுப் பக்கம் போகக் கூடாது. காய்ச்சல் வந்தா அன்னைக்கே இங்க வரணும். மாத்திரையைத் திடீர்னு நிறுத்தவே கூடாது." நானும் நன்றாகத் தலையை ஆட்டினேன்.

பங்குனி வெயிலில் அக்காவின் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சின்னம்மை போட்டது. பதினைந்து நாளில் அக்காவுக்கும். சேதி கேட்டுப் பஸ் ஏறிப் போனேன். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அத்தானோ டாக்டரிடம் போகச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார்.

"ஆத்தா வந்து எறங்கியிருக்கா. இப்பப் போயி ஊசி, மாத்திரைன்னு நிக்கியளே, வீடு வெளங்குமா அத்தான்?" என்று சீறினேன்.

"டாக்டர் அன்னைக்கே சொன்னாரேம்மா."

"அவருக்கு ஆத்தாளைப் பத்தி என்ன தெரியும்?"

அம்மை இறங்கும்வரை வீட்டில் தாளிக்கக் கூடாது, மருந்து தொடக் கூடாது. எங்கள் பக்கத்துப் பழக்கம் அது. மாத்திரைப் புட்டியை அரிசிப் பானைக்குள் நான்தான் ஒளித்துவைத்தேன். பாவம் மனிதர், என் வாய்க்குப் பயந்து சட்டையைக் கழற்றிவிட்டார்.

ஐந்தாம் நாள் காலையில் அக்கா பிதற்ற ஆரம்பித்தாள். இல்லாத ஆட்களைக் கூப்பிட்டாள். எழுந்து நின்றால் தள்ளாடினாள். தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். "ஆத்தா பேசுதா" என்றாள் ஒருத்தி. சூடம் கொளுத்தினோம். மகளுக்கு மாப்பிள்ளை அமையுமா, மாடு பிழைக்குமா என்று ஆளாளுக்குக் குறி கேட்டார்கள். கல்யாணமாகி நாலு வருடமாகப் பிள்ளையில்லாத நானும் முந்தானையை ஏந்தினேன். "எனக்கு ஒரு பிள்ளையைக் குடு தாயே."

அக்கா என்னையே பார்த்தாள். "ஏட்டி, தலை வெடிக்குட்டி. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போட்டி" என்றாள்.

ஆத்தா யாரையாவது ஏட்டி என்பாளா? கூடப் பிறந்தவள் குரல் எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்தது. "ஆத்தா சோதிக்கா, விடாமக் கேளு" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். கேட்டேன். பாவி, மறுபடியும் பிள்ளைதான் கேட்டேன்.

மறுநாள் விடிந்ததும் அக்காவுக்குக் கை கால் வெட்டி இழுத்தது. அத்தான் யாரையும் கேட்காமல் வாடகைக் கார் பிடித்துத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார். அம்மைக் கிருமி மூளைக்கு ஏறிவிட்டது, எதிர்த்து நிற்க உடம்பில் சக்தியில்லை என்றார் டாக்டர். அன்று சாயங்காலமே அக்கா போய்விட்டாள். முதல் நாளே வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இறப்புச் சீட்டு எழுத உட்கார்ந்தபோது டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "எப்பப் பிதற்ற ஆரம்பிச்சாங்க?"

"நேத்துக் காலையில" என்றேன்.

"நேத்துக் காலையிலயா? அப்புறம் இன்னைக்கு விடியிற வரைக்கும் என்னதான் செஞ்சீங்க?"

அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான்தான் சொன்னேன்.

"அவளைக் கும்பிட்டுக்கிட்டு இருந்தோம்."