ஆறிவிட்டது என்று நான் போட்ட பதிவு

ஞாயிற்றுக்கிழமை நடை முடிந்து வந்து ஷூவைக் கழற்றினேன். வலது சாக்ஸின் முனையில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. இரண்டாவது விரலின் அடியில் பெரிய பொட்டளவுக்குத் தோல் உரிந்திருந்தது. புது ஷூ கடித்திருக்கிறது. பெங்களூர் லிங்கராஜபுரத்திலிருந்து அல்சூர் ஏரி வரை போய்த் திரும்பியிருக்கிறேன், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பரவாயில்லையே, வலிக்கவே இல்லையே என்று சந்தோஷப்பட்டேன். ஐம்பத்து நான்கு வயது, பதினோரு வருடச் சர்க்கரை. அந்த லட்சணத்தில் சந்தோஷம் வேறு.

நான் வலைப்பூ எழுதுகிறவன். பெரிய விஷயமெல்லாம் இல்லை. கப்பி மீன் தொட்டி, நடை, கேக் சுடுவது என்று ஆபீஸ் நேரம் போக மனசுக்குப் பிடித்ததை எழுதுவேன். பத்துப் பேர் பின்னூட்டம் போட்டால் அன்றைக்கு என் முகமே வேறு மாதிரி இருக்கும் என்பாள் என் மனைவி ஸ்டெல்லா.

அந்தப் புண்ணையும் பதிவாக்கினேன். மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துப் பத்து நாள் பூசினேன். மேலே தோல் மூடினாற்போல இருந்தது. போட்டோ எடுத்தேன். பார்க்க அசிங்கமாக இருந்ததால், மீன் படங்களுக்குச் செய்வதுபோலவே போனில் வெளிச்சத்தைக் கூட்டிக் கறுப்பைக் குறைத்தேன். புண் ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டது. 'சர்க்கரைப் புண் ஆறிவிட்டது, வலியே இல்லை, டாக்டரிடம் போகவே இல்லை' என்று எழுதினேன். என் வலைப்பூவிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான்.

அதற்கப்புறம் நான் காலைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பின்னூட்டங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, உங்க கால்ல இருந்து ஒரு வாடை வருது" என்றாள் ஸ்டெல்லா.

"வேப்பெண்ணெய் வாடை அது."

"வேப்பெண்ணெய் வாடை எனக்குத் தெரியாதா? நல்லா வருது வாயில."

இரண்டு நாளில் குளிர்க்காய்ச்சல் வந்தது. அப்போதும் நானாகப் போகவில்லை, அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ஒரு மெல்லிய கம்பியைப் புண்ணுக்குள் விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது. "நோவில்வா?" என்று கன்னடத்தில் கேட்டார், வலி இல்லையா என்று. "கொஞ்சம்கூட இல்ல டாக்டர்" என்றேன், ஏதோ பரிசு வாங்கியவன் மாதிரி.

"அதுதான் ப்ராப்ளம் சார். நோவு இருந்திருந்தா அன்னைக்கே ஓடி வந்திருப்பீங்க."

நியூரோபதி (சர்க்கரையால் கால் நரம்புகள் மரத்துப்போவது) என்று எழுதினார். கூடவே ஆஸ்டியோமைலிட்டிஸ் (கிருமி எலும்புக்குள் இறங்குவது). மூன்றாம் நாள் அந்த விரலை எடுத்தார்கள்.

மறுநாள் கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு போனைத் திறந்தேன். அந்தப் பதிவின் கீழே புதிதாக ஒரு பின்னூட்டம், போன் நம்பரோடு. 'அண்ணா, நான் கமலா, நீலசந்திரா ஏரியாவுல இருக்கோம். எங்க வீட்டுக்காரர் பெயின்ட் வேலை செய்றார். அவருக்கும் கால்ல இதே மாதிரி புண்ணு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு இருந்தோம். உங்க பதிவைப் பாத்துட்டு நிறுத்திட்டு மஞ்சள் போடறோம். உங்களை மாதிரியே அவருக்கும் வலியே இல்ல.'

'உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா' என்று ஒரு வரி தட்டியிருந்தால் போதும். நான் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டேன். பதிவு தப்பு என்று ஒத்துக்கொண்டால் என்னை யார் படிப்பார்கள் என்று யோசித்தேன். விரல் போன எனக்கு அப்போது அதுதான் கவலை. இதை எழுதும்போது உடம்பு கூசுகிறது. ஆனால் எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை.

வீட்டுக்கு வந்தும் ஐந்து வாரம் சும்மா இருந்தேன். சும்மாவா? கட்டிலில் படுத்தபடி 'மழையில் ஒரு நடை' என்று ஒரு பதிவு வேறு போட்டேன்.

அதை ஸ்டெல்லா படித்துவிட்டாள். "எந்த மழையில நடந்தீங்க? பாத்ரூம் போகவே என் தோளைப் புடிக்கிறீங்க" என்று சிரித்துக்கொண்டே திரையைக் கீழே தள்ளிப் பார்த்தவள், பழைய பதிவுக்குப் போய்க் கமலாவின் பின்னூட்டத்தில் நின்றாள். சிரிப்பு போய்விட்டது.

"ஆபரேஷனுக்கு அடுத்த நாள் கேட்டிருக்காங்க. நீங்க கும்புடு போட்டிருக்கீங்க."

"இப்பவே மாத்தி எழுதிடறேன்."

"எழுதிக் கிழிச்சது போதும். அவங்க பாக்கலைன்னா? நம்பருக்குப் போன் போட்டு வீட்டைக் கேளுங்க. நேர்ல போறோம். ஆட்டோ கூப்பிடறேன்."

நீலசந்திராவில் அவர்கள் வீட்டுக்குக் குறுகலான படி. ஸ்டெல்லாவையும் சுவரையும் பிடித்து ஏறினேன். கமலா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "ப்ளாக் அண்ணா வந்துட்டாரு" என்று உள்ளே குரல் கொடுத்தாள். அவள் கணவர் முருகேஷ் கட்டிலில் இருந்தார். இடது பாதத்தில் மஞ்சள் கறை படிந்த துணி சுற்றியிருந்தது. அந்த வாடை எனக்குத் தெரியும்.

"உக்காருங்க சார். நீங்க சொன்ன மாதிரியேதான் போடறேன், ஒரு நாள் தப்பல. சுத்தமா வலியே இல்ல சார்!" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

குனிந்து செருப்பைக் கழற்றி, சாக்ஸையும் உருவினேன்.

கமலா கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். "போட்டோல நல்லா இருந்துதே அண்ணா?"

"அது போன்ல நான் வெளுப்பாக்கினதும்மா. அப்பவே உள்ள அழுகிட்டு இருந்திருக்கு."

"நான் கேட்டப்ப?"

"அப்ப ஆஸ்பத்திரியில இருந்தேன். விரலை எடுத்துட்டாங்க."

"எடுத்ததுக்கப்புறமா கும்புடு போட்டீங்க?"

தலையாட்டினேன். அவள் திட்டியிருக்கலாம், செருப்பால் அடித்திருக்கலாம். முருகேஷின் சட்டையை எடுத்து அவருக்குப் போட்டுவிட்டாள். வந்த ஆட்டோவிலேயே எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

முருகேஷின் காலை முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. "ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா விரலோட போயிருக்கும்" என்று டாக்டர் கமலாவிடம் சொன்னபோது நானும் அந்த வராந்தாவில்தான் நின்றிருந்தேன். கமலா அதன்பிறகு என்னோடு பேசுவதில்லை.

சர்க்கரை உள்ளவர்களே, உங்கள் காலை உங்கள் கண்ணால் பாருங்கள். வலியை நம்பாதீர்கள், என்னைப் போன்றவர்களையும் நம்பாதீர்கள். அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை. அழித்தால் நைசாகக் கழன்றுகொண்டதாகிவிடும். அதன் தலையிலேயே நாலு விரல் பாதத்தையும் நடந்ததையும் போட்டிருக்கிறேன்.

முன்பெல்லாம் உடம்பு தானே என்னைத் தூக்கிக்கொண்டு போகும், அதன் நினைப்பே இருக்காது. இப்போது எழுந்ததும் தரையில் கண்ணாடியை வைத்துப் பாதங்களைக் காட்டிப் பார்க்கிறேன். அடுத்த மாதம், அடுத்த வருடம் என்ற பேச்சு விட்டுப்போயிற்று. நேற்றுப் பார்த்த பாதம், இன்றைக்குப் பார்க்கிற பாதம், அவ்வளவுதான் நாட்கள்.

காலை ஏழு மணிக்கு முருகேஷ் போன் செய்கிறார். ஒரு நாளும் தவறுவதில்லை.

"சார், காலைப் பாத்தீங்களா?"

"பாத்தேன் முருகேஷ்."

"ரெண்டையும்?"

"ரெண்டையும்."

சரி சார் என்று வைத்துவிடுவார். நீங்கள் பார்த்தீர்களா என்று அவரைத் திருப்பிக் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.