முதல் ஒரு மணித்தியாலம்

கல்முனைச் சந்தைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில், ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு மற்றவர்களின் பெயரில் எழுதுவது என் தொழில். ஒருகாலத்தில் டைப்பிங் சென்டர் வைத்திருந்தேன். இப்போது வளைகுடாவில் வேலை தேடுகிறவர்களுக்கு சீவி, புரொபைல், தொழில் வலைத்தளத்தில் போடும் பதிவுகள். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தங்கைமார் எல்லோரும் முதலில் கேட்பது ரீச், அதாவது பதிவு எத்தனை பேர் கண்ணில் படுகிறது என்பதை, எப்படிக் கூட்டுவது என்றுதான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அந்த வித்தையால் ஒரு குடும்பத்துக்கு நான் செய்த பிழையையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

1. சொந்தக்காரர் இல்லாத இடம்

மேற்கிலிருந்து அனலாகக் கச்சான் காற்று அடிக்கும் மாதம். அந்தக் காற்றில் பகல் முழுக்க அரைத்தூக்கமாகவே இருக்கும். ஜன்னல் திரைச்சீலை ஊதி ஊதி அடங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில்தான் றாசிக் வந்தார். கட்டாரில் குளிரறைகள் பராமரிக்கும் டெக்னீசியன். கம்பனி ஆட்களைக் குறைத்தபோது இவருடைய வேலையும் போய்விட்டது.

"ராத்தா, பெஞ்சாதி ஊட்டில லீவு எண்டுதான் சொல்லி வெச்சிரிக்கன். ரெண்டு மாசத்துக்குள்ள ஒண்டு சரிவந்தாப் போதும். அந்தத் தளத்தில எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்ல, அதாலதான் ஒங்களுக்கிட்ட வந்த" என்றார்.

எங்கள் பகுதியில் கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டில்தான் இருப்பார். மாமா, மாமி, மச்சான்மார் எல்லோரும் ஒரே வளவு. அங்கே வேலை இல்லாத மருமகனாக இருந்து சோறு தின்பது லேசான காரியமல்ல. ஒருவர் காதுக்கும் போகாது என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன்.

2. ரீச்

பதிவில் முதல் மூன்று வரிதான் ஆளைப் பிடிக்கும். அதற்குக் கீழே இருப்பதை 'மேலும் பார்க்க' மூடிவிடும். றாசிக்கிடம் ஒரு மணித்தியாலம் கதை கேட்டேன். குளிரறைச் சுவரில் காதை வைத்து, கொம்பிரசர் சத்தத்தை வைத்தே எந்த வால்வில் ஐஸ் கட்டியிருக்கிறது என்று சொல்வாராம். சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சத்தம் அவருக்கு அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். அதையே முதல் வரியாக வைத்து ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் சொன்னால், 'கதவைத் திறக்காமலே உள்ளே என்ன கோளாறு என்று சொல்வேன்.' புரொபைல் படத்தில் வேலைக்குத் தயார் என்ற பச்சை வட்டத்தையும் போட்டேன்.

நேரமும் முக்கியம். கட்டாரில் ஞாயிற்றுக்கிழமைதான் வாரத்தின் முதல் வேலைநாள். காலை எட்டு மணிக்கு அவர்கள் மேசையில் உட்காரும்போது நமக்குப் பத்தரை. சரியாகப் பத்தரைக்குப் பதிவை விட்டேன். அதன்பிறகு முதல் ஒரு மணித்தியாலம். அதற்குள் கருத்துகள் விழுந்தால் தளம் பதிவைத் தூக்கிக்கொண்டு போகும், விழாவிட்டால் அப்படியே அமிழ்த்திவிடும்.

பதினொரு மணியாகியும் பதிவு அசையவில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தளம் காட்டும் கோடு தரையோடு கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. எல்லா வாடிக்கையாளருக்கும் செய்கிறதையே இவருக்கும் செய்தேன். எங்கள் குடும்பக் குழுவுக்கு லிங்க்கை அனுப்பினேன். அதில் உள்ளவர்களுக்குத் தளத்தில் கணக்குத் திறந்து கொடுத்தவளும் நான்தான். 'நம்மட புள்ளயளுக்கு உதவி, ஒரு சொல்லாவது எழுதுங்க' என்று பழக்கியிருந்தேன். நம்மூரில் ஒருவருக்கு நல்லது வரவேண்டும் என்றால் இறைவனிடம் துஆக் கேட்கவா ஆளில்லை? மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று கருத்துகள் வந்து விழுந்தன.

கோடு எழும்பியது. நான் கன்னத்தில் கைவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் தாண்டி எங்கோ கண்ணாடிக் கட்டடம் ஒன்றில், தேநீரோடு இருக்கும் ஒரு மேலாளர் என் வரியைப் படித்துவிட்டு நிமிர்வதுபோல் தோன்றியது. அவருடைய கழுத்துப்பட்டியின் நிறம்கூடத் தெரிந்தது. அவ்வளவு இன்பமாக இருந்தது எனக்கு.

அந்த நேரத்தில்தான் றாசிக்கின் மனைவியுடைய பெரிய மாமா எழுதினார். போன மாதம் ஒரு கலியாணத்தால் எங்களுக்குச் சொந்தமாகி, குழுவில் சேர்ந்தவர். சேர்த்தவளும் நான்தான், றாசிக்குக்கு அவர் என்ன முறை என்று யோசிக்கவே இல்லை. மருமகனின் படத்தையும் பச்சை வட்டத்தையும் கண்ட உடனே பதிவுக்குக் கீழே தமிழில் எழுதியிருந்தார்: 'மருமகன், வேல போன எண்டு கவலப்படாதீங்க. நாங்க எல்லாரும் இரிக்கம்.'

றாசிக்கின் கடவுச்சொல் என்னிடம் இருந்தது. உடனே அந்தக் கருத்தை அழித்தேன். ஆனால் மாமா எழுதியதோடு நிற்கவில்லை, ஆறுதல் சொல்ல நேரே வீட்டுக்கே போய்விட்டார்.

ரீச்சையாவது பிடித்தோமா என்று பார்த்தால் அதுவும் இல்லை. கருத்துப் போட்டவர்களைப்போன்ற ஆட்களுக்கே தளம் மேலும் மேலும் காட்டியிருந்தது. அட்டாளைச்சேனை ஆசிரியர்மார், நிந்தவூர் நெல் வியாபாரிகள். ஊரைச் சுற்றியே வந்திருக்கிறது பதிவு. குளிரறைக்கு ஆள் எடுக்கும் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

3. சிபானா

மறுநாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு றாசிக்கின் மனைவி சிபானா வந்தார். ஏச்சு விழும் என்று பதிலெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவர் ஏசவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு வந்த அண்டே தெரியும் ராத்தா. லீவுல வாற மனிசன் குளிருக்குப் போடுற ஜக்கட்டயும் கொண்டுவருவாரா? பேக்கத் திறக்கக்குள்ளயே வெளங்கிட்டு. ஒருத்தருக்கும் காட்டாம அலுமாரிக்குள்ள வெச்சன். லீவு முடியப்போகுதே எண்டு அவர் சிரிப்பாரு, நானும் சிரிப்பன். நல்லாத்தான் இரிந்த. அதத்தான் நீங்க கெடுத்துப்போட்டீங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. மாமா வந்து போனதிலிருந்து றாசிக் வீட்டாரோடு சோற்றுக்கு உட்காருவதில்லை, கடற்கரையே கதியாகக் கிடக்கிறார் என்றார் சிபானா. எழும்பும்போது இன்னொன்றும் சொன்னார்.

"மாமா சொல்லக்குள்ள, அப்பதான் தெரிஞ்சமாதிரி நான் அழுதன். எனக்கு முந்தியே தெரியும் எண்டு அவருக்குச் சொல்லிராதீங்க. அது ஒண்டாவது அவருக்கு இரிக்கட்டும்."

பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். இந்தமுறை குழு கிடையாது. குளிரறை வேலையில் இருப்பவர்களைத் தேடி, அவர்களுடைய பதிவுகளுக்குக் கீழே றாசிக்கைக்கொண்டே எழுதவைத்தேன். அவருடைய ஆங்கிலம் முறிந்து முறிந்துதான் வந்தது. நான் திருத்தவில்லை. அடுத்த பதிவைப் பார்த்தவர்கள் மிகக் கொஞ்சம். அதில் ஒருவர் வால்வைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். றாசிக் நீளமாகப் பதில் எழுதினார். அவர்களுக்குள் நாலு நாள் அந்தக் கதை ஓடியது. பிறகு நேர்முகத் தேர்வு, பிறகு விசா.

பயணத்துக்கு முதல்நாள் சொல்லிக்கொண்டு போக வந்தார். முகம் தெளிந்திருந்தது.

"மாமா வாறவரைக்கும் அவக்கு ஒண்டுமே தெரியா ராத்தா. அவ்வளவு நாளும் ஒரு கவலயும் இல்லாம வெச்சிரிந்தன்" என்றார். நெஞ்சு நிமிர்ந்துதான் சொன்னார்.

"ஓம் தம்பி" என்றேன்.

தங்கைமாரே, இப்போது யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, இது யார் கண்ணில் படக்கூடாது என்பதுதான். சிலர் சிரிப்பார்கள். சிலர் ஒரு பெயரைச் சொல்வார்கள். அதைக் கேட்டபிறகுதான் கீபோர்டில் கை வைப்பேன். இதை எழுதும்போதும் என்னையே கேட்டுக்கொண்டேன். அதனால் அவர்கள் இருவரின் பெயரையும் அவர் செய்யும் தொழிலையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். உண்மையான தொழிலைச் சொல்லியிருந்தால் இதை இன்னும் நிறையப் பேர் படித்திருப்பார்கள். அவரும் படித்திருப்பார்.