வளைந்த கேண்டிலீவரும் நம்பப்படாத நானும்

1. இரும்பு

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: இரும்பு ஸ்க்ரூடிரைவரைக் கார்ட்ரிட்ஜ் பக்கம் கொண்டுபோகாதீர்கள். முப்பது வருஷமாக இதைச் சொல்லி வருகிறேன். அப்படிச் சொன்ன வாயோடு ஒருநாள் நானே கொண்டுபோனேன்.

ராயப்பேட்டையில், இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளுக்கு சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். என் வாடிக்கையாளர்கள் ஒரு தினுசு. போனைத் தொட்டால் உலகத்துப் பாட்டெல்லாம் வரும். ஆனால் கம்பெனியே தயாரிப்பதை நிறுத்திவிட்ட ஒரு பழைய கார்ட்ரிட்ஜுக்காகத் தூக்கத்தைத் தொலைப்பார்கள். கார்ட்ரிட்ஜ் என்பது இசைத்தட்டில் ஓடும் ஊசியைத் தாங்குகிற, கட்டைவிரல் நகத்தளவுப் பெட்டி, அவ்வளவுதான்.

மயிலாப்பூர் சேஷாத்ரி மாமாவிடம் இருப்பது அப்படி ஒரு பழைய மூவிங் காயில் ரகக் கார்ட்ரிட்ஜ். புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்று ஒருமுறை கேட்டேன்.

"புதுசு எல்லாம் தட்டுல இருக்கறதை ஒப்பிக்கறதுடா கோபி. இது பக்கத்துல ஒக்காந்துண்டு சொல்றது" என்றார்.

உள்ளே ரப்பர் இறுகிப்போயிருக்கும், அதனால் அப்படிக் கேட்கும் என்று விளக்க ஆரம்பித்தேன். "ஒன் காதை ஓவராயில் பண்ணிண்டு வா" என்று அனுப்பிவிட்டார். என் வீட்டிலும் அதே காலத்துப் பழசு ஒன்றுதான் ஓடுகிறது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. மானம் என்று ஒன்று இருக்கிறதே.

அன்று கார்ட்ரிட்ஜை மாட்டும் ஹெட்ஷெல்லில் திருகு தளர்ந்துவிட்டது என்று கூப்பிட்டிருந்தார். போய்ப் பையைத் திறந்தால் பித்தளை ஸ்க்ரூடிரைவர் இல்லை, கடையிலேயே கிடக்கிறது. மாமா வீட்டு டிராயரில் இரும்பு ஒன்று இருந்தது. இரண்டே திருகு, ஜாக்கிரதையாகப் போடலாம் என்று நினைத்தேன். ஊசியை லென்ஸில் பார்ப்பதற்காகக் கழற்றிய பிளாஸ்டிக் மூடி என் சட்டைப்பையில் இருந்தது. அதைத் திருப்பிப் போட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

மூவிங் காயிலுக்குள் இருக்கும் காந்தம் முரட்டுக் காந்தம். ஸ்க்ரூடிரைவர் முனை என் விரலை மீறி உள்ளே பாய்ந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம்.

லென்ஸ் வழியாகப் பார்த்தேன். கேண்டிலீவர், அதாவது ஊசி முனை ஒட்டியிருக்கும் மெல்லிய அலுமினியக் குழாய், இடது பக்கம் மடங்கி நின்றது. நல்லவேளை, முனை விழவில்லை. சமையலறையில் மாமா காபி ஆற்றும் சத்தம் கேட்டது.

2. யாரும் நம்பவில்லை

"மாமா, கேண்டிலீவரை வளைச்சிட்டேன்" என்றேன்.

டபராவை என் முன்னால் வைத்துவிட்டுச் சிரித்தார். "போன வருஷமும் இதைத்தானே சொன்னே?"

சொன்னேன். போன வருஷம் பென்சில் முனையை ஒடித்து உள்ளங்கையில் வைத்து, "ஊசி போச்சு மாமா" என்று காட்டினேன். மனிதர் வியர்த்துப்போய் நாற்காலியில் சாய்ந்தார். மாமி தண்ணீர் கொண்டு ஓடிவந்தார். நான்தான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"இது நிஜம் மாமா."

"மூஞ்சியை நன்னா வச்சுக்கறே. அப்யாசம் ஜாஸ்தியாயிடுத்து."

பேசிக்கொண்டே ஹெட்ஷெல்லை என் கையிலிருந்து வாங்கி, டர்ன்டேபிளின் கை போன்ற ஆர்மில் மாட்டி, மோட்டாரைப் போட்டார். தட்டு சுழன்றது. வளைந்த கேண்டிலீவரைத் தட்டில் இறக்கினால் அது அங்கேயே முறியும்; தட்டும் கீறும். ஆர்மைத் தட்டுக்கு மேலே கொண்டுவந்துவிட்டார். எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

இருபது வருஷத்தில் நான் அவரைத் தொட்டதில்லை. அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். லென்ஸுக்குக் கையை நீட்டினார்.

ரொம்ப நேரம் பார்த்தார். "வேற யாராவது சரி பண்ணுவாளா?"

"வெளிநாட்டுக்கு அனுப்பணும். புதுக் கேண்டிலீவர் போட்டுத் தருவாங்க. ஆனா அப்புறம் அது இதுவா இருக்காது மாமா."

"நீ நிமித்துவியா?"

"பழைய அலுமினியம். ஒருதரம் வளைஞ்சாச்சு. திருப்பி வளைக்கறப்ப பட்டுனு போகலாம். பாதிக்குப் பாதிதான் சான்ஸ்."

"நீயே பண்ணு" என்று டேபிள் லைட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

3. ஒரு ஜோக்கும் வரவில்லை

பித்தளை ட்வீசர் மட்டும் பையில் இருந்தது. அடிப்பக்கம் பிடிக்க வேண்டும். முனைப்பக்கம் பிடித்தால் ஊசி நுனியில் இருக்கும் பொடி வைரம் தெறித்துவிடும். ட்வீசரை நீட்டினேன். கை ஆடியது. பின்னால் எடுத்தேன். மறுபடி நீட்டினேன். மறுபடி ஆடியது.

"நீ வேலை பண்றச்சே வாயடிச்சிண்டேதான் பண்ணுவே. ஏதாவது ஜோக் சொல்லு, கை நிக்கும்" என்றார் மாமா.

யோசித்தேன். வாழ்நாள் முழுக்க நேரம் காலம் தெரியாமல் ஜோக்கடித்த எனக்கு அன்று ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

"ஒண்ணும் வரல மாமா."

"அப்ப பரவாயில்லை, பண்ணு" என்றார்.

மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு மயிரிழை தள்ளினேன். லென்ஸில் பார்த்தேன். இன்னொரு மயிரிழை. காபியில் ஆடை கட்டிவிட்டது. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, குழாய் நேராக நின்றது. மாட்டி இறக்கினோம். நான் கண்ணை மூடிக்கொண்டேன், மாமாவும் மூடிக்கொண்டார். அவர் பாட்டுக் கேட்பதற்காக.

தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடியது.

"துளி எடது பக்கம் சாஞ்சிருக்கு" என்றார். சாய்ந்துதான் இருந்தது. லென்ஸில் எனக்குத் தெரியாதது அவர் காதுக்குத் தெரிந்தது. அடுத்த நாள் சாய்வை அளக்கும் கேஜ் கொண்டுவந்து அதையும் சரிசெய்தேன்.

4. போன்

இரண்டு வாரம் கழித்துக் காலையில் மாமாவிடமிருந்து போன். "கோபி, ஒடைஞ்சுடுத்துடா." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினேன். டிரைவரை அவசரப்படுத்தினேன்.

"லஸ் கார்னராண்ட மெட்ரோக்காரன் தோண்டிக்கினு கீறான் சார், பறந்தா போவ முடியும்? யாருக்கு சீரியஸ்?"

"கார்ட்ரிட்ஜுக்குப்பா."

கண்ணாடியில் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பிரிண்டருக்கா சார் இந்தப் பதறு பதறுற?"

மாடிப்படியை எப்படி ஏறினேன் என்று தெரியாது. கதவு திறந்திருந்தது. தட்டு ஓடிக்கொண்டிருந்தது, பாட்டு பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தது. மாமா சாய்வு நாற்காலியில் இருந்தார். உள்ளங்கையை நீட்டினார். அதில் ஒரு பென்சில் முனை.

மாமி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். இந்தத் தடவை அவர் ஓடவில்லை.

இப்போது என் கடைச் சுவரில் இரண்டு விதி எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று, மூடி போடாமல் திருகைத் தொடாதே. இரண்டு, ஊசி விஷயத்தில் விளையாடாதே. நான் இரண்டையும் மீறுவதில்லை. மாமா கடைக்கு வரும்போதெல்லாம் இரண்டாவது விதியைச் சத்தமாகப் படித்துவிட்டு, சட்டைப்பையில் பென்சில் தேடுகிறார்.