ஃபேக்ஸ் சுத்தம்

அந்தப் பழைய சாஃப்ட்வேரைப் பார்த்தாலே பல் டாக்டருக்குக் குமட்டும். நாள் முழுக்க ஊராரின் சொத்தைப் பல்லையும் சீழையும் அசராமல் பார்ப்பவள், அந்தச் சாம்பல் நிறத் திரையைக் கண்டால் மட்டும் முகத்தைச் சுளிப்பாள். நோயாளியின் பெயரைத் தட்டினால் அது யோசிக்கும். யோசித்துவிட்டுப் புரியாத பிழைச் செய்தி ஒன்றைக் காட்டும். ‘சரி’ என்று அமுக்கினால் மறுபடியும் அதையே காட்டும். எது சரி, யாருக்குச் சரி? அது ஓடிய கம்ப்யூட்டரோ வரவேற்பு மேசையில் பழுப்பேறிப்போய் உட்கார்ந்திருந்தது. கீபோர்டு இடுக்கில் பிஸ்கட் தூள், தலைமுடி, என்னவென்று கேட்கக் கூடாத ஏதோ பிசுக்கு. வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் அந்தச் சனியன் ஏறாது.

அந்த மேசைக்கு அதிபதி அவள் கணவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கிளினிக்கைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்தவர், கம்ப்யூட்டரைத்தான் பார்த்துக்கொண்டார். அது நின்றுபோனால் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டுவார்.

“ஓடற வரைக்கும் ஓடட்டும் டாக்டரே. உனக்கென்ன அவசரம்?”

“அருவருப்பா இருக்குங்க. அதான் அவசரம்.”

யாருக்கு எந்த மருந்து ஆகாது என்று எழுத அதில் இடமே கிடையாது. பல் டாக்டர்தான் ஆரம்பத்தில் ஒரு வழி கண்டுபிடித்தாள். பல்வலிக்காரன் எவனிடம் ஃபேக்ஸ் இருக்கப்போகிறது? ஃபேக்ஸ் எண்ணுக்கான கட்டம் சும்மாதானே கிடக்கிறது, அதில் எழுதிவிடலாம் என்றாள். அன்றிலிருந்து, ஊசி போடுவதற்கு முன்னும் மருந்து எழுதுவதற்கு முன்னும் உள்ளறையிலிருந்து, “ஃபேக்ஸ் என்னங்க?” என்று கத்துவாள். வெளியிலிருந்து கணவர், “ஃபேக்ஸ் சுத்தம்!” என்பார். சுத்தமில்லை என்றால் எழுந்து வந்து காதோடு சொல்வார். வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும் நோயாளி, டாக்டருக்கு என்ன பெரிய வியாபாரமோ என்று நினைத்துக்கொள்வான்.

கடைசியில் ஒருநாள் சாஃப்ட்வேர்காரன் புதுப் பதிப்போடு வந்தான். மெழுகு தடவிய மாதிரி முகம்.

“உங்க பழைய விவரமெல்லாம் அப்படியே வந்துடும் மேடம். குப்பையை மட்டும் அதுவே கழிச்சுடும். ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க, பிடிச்சா வாங்குங்க.”

குப்பையைக் கழிக்கும் என்றதுமே பல் டாக்டர் விழுந்துவிட்டாள். அவள் அறையிலேயே ஒரு திரையை வைத்துவிட்டுப் போனான். வெள்ளை வெளேரென்ற திரை. அதில் ‘எச்சரிக்கைகள்’ என்று தனிக் கட்டமே இருந்தது. இதல்லவா சாஃப்ட்வேர் என்று பூரித்துப்போனாள். கணவர் மட்டும் வீம்புக்குத் தன் பழைய பெட்டியிலேயே எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்தார்.

மறுநாள் நாத்தனார் வீங்கிய கன்னத்தோடு வந்தாள். கணவரின் ஒரே தங்கை. அவளுக்கும் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் பல்வலி வந்தால் மட்டும் அண்ணி வேண்டும், அதுவும் வரிசையில் உட்காராமல்.

“ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல அண்ணி. காது வரைக்கும் இழுக்குது.”

“வாயைத் திற. போன தடவையே சொன்னேன், கேட்டியா நீ?”

கடைவாய்ப் பல் அழுகி, ஈறில் சீழ் கோத்திருந்தது. நாற்றம் முகக்கவசத்தைத் தாண்டி வந்தது. பல் டாக்டர் புதுத் திரையைப் பார்த்தாள். எச்சரிக்கைக் கட்டம் காலி. அதுதான் கண்ணெதிரே தெரிகிறதே, அப்புறம் எதற்குக் கத்துவது? கத்தவில்லை. பென்சிலின் வகை மாத்திரையை எழுதி, வீக்கம் வடிந்ததும் பிடுங்கலாம் என்று அனுப்பினாள்.

மாத்திரையை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பதும் கணவர்தான். கொடுத்துவிட்டுப் பழைய பெட்டியில் தங்கையின் பெயரைத் தட்டினார். அது யோசித்தது. நாத்தனார் மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீர் டம்ளரைத் தூக்கினாள்.

“துப்பு! துப்புடி!”

அவர் போட்ட சத்தத்தில் மாத்திரையும் எச்சிலும் கீபோர்டின் மேல் விழுந்தன. உள்ளேயிருந்து ஓடி வந்த பல் டாக்டர் சாம்பல் திரையைப் பார்த்தாள். ஃபேக்ஸ் கட்டத்தில், அவளே சொல்லி ஏற்றிய வரி: பென்சிலின் ஆகாது, தொண்டை அடைத்துவிட்டது.

“உனக்குத் தெரியாதா? கேக்க வேணாமா?” என்று தங்கையிடம் பாய்ந்தார் கணவர்.

“மாத்திரை பேரெல்லாம் எனக்கெப்படித் தெரியும்? அண்ணிக்குத்தான் தெரியுமே.”

பல் டாக்டர் சாஃப்ட்வேர்காரனை போனில் பிடித்தாள்.

“ஃபேக்ஸா? இப்ப யாரு மேடம் ஃபேக்ஸ் வச்சிருக்காங்க? அந்தக் கட்டத்தையே எடுத்துட்டோம். உங்களோடதுல நம்பரே இல்லாம என்னென்னமோ எழுத்தா இருந்துது. குப்பைன்னு கழிச்சிருக்கும்.”

அவனைக் கண்டபடி திட்டத்தான் வாயெடுத்தாள். போனை வைத்துவிட்டாள். தன்மேலேயே அப்படி ஒரு அருவருப்பு.

“நான்தான் சொன்னேனே, பழசே இருக்கட்டும்னு” என்றார் கணவர்.

“பழசும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். ஃபேக்ஸ்ல இருக்கறதையெல்லாம் நானே உட்காந்து புதுசுல ஏத்தறேன். முடிச்சப்புறம்தான் வாங்கறோம். அதுவரைக்கும் அந்தப் புதுத் திரையைப் பார்த்து யாருக்கும் மருந்து எழுத மாட்டேன்.”

நாத்தனார் வாயைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, நிஜத்தைச் சொல்லு. மறந்துதான் எழுதினியா?”

“ஏய்!” என்று அதட்டினார் கணவர். ஆனால் அவரும் மனைவியின் முகத்தைத்தான் பார்த்தார்.

அவளிடம் பதில் இருந்தது. புதுத் திரை, காலிக் கட்டம், கழித்த குப்பை. ஆனால் உயிர் தப்பி உட்கார்ந்திருப்பவளிடம் ஃபேக்ஸ் கதையா சொல்வது?

“மறந்துட்டேன்” என்றாள்.

நாத்தனார் தலையை ஆட்டினாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். “வேற பல் டாக்டர் யாரையாவது தெரியுமாண்ணே?”

அவர் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தார். இரண்டு தெரு தள்ளி ஒருத்தி இருக்கிறாள் என்று பல் டாக்டர்தான் வழி சொன்னாள்.