ருஸ்னா அன்ரியின் தாய்மொழி

இன்று கடையில் ரம்பை இலை மணத்ததும், சுவிஸில் இடித்துத் தள்ளப்பட்ட எங்கள் டீட்டிகோன் குடியிருப்பின் சலவை அறை நினைவுக்கு வந்தது. இலங்கையின் கிரிந்தைக் கடற்கரையிலிருந்து வந்த, எப்போதும் ரம்பை மணக்கும் ருஸ்னா அன்ரி அங்கேதான் போர்வையின் மறுமுனையை என்னிடம் தந்து, "ஸாத்து, துவா, தீகா" என்று தன் மலாயில் எண்ணி எண்ணி மடிப்பார், மெஷின் இரைச்சலையும் மீறித் தங்கையோடு அதே மலாயில் தொலைபேசியில் சண்டை பிடிப்பார். ஒருநாள் அவருடைய மகனின் பள்ளிக்கூடப் படிவத்தை அங்கே வைத்து நிரப்பிக்கொடுத்த அப்பா, தாய்மொழி என்ற இடத்தில் தமிழ் என்று எழுதினார்.

"எங்கட பாஷை மலாய், அண்ணே."

"அது இஞ்ச ஆருக்குத் தெரியும்? தமிழ் எண்டே இருக்கட்டும்."

அன்ரி எண்ணாமலே மடிக்கத் தொடங்கினார். எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. அதற்கு முதல் நாள்தான் அப்பா ஜெனீவாவில் தமிழர் ஆர்ப்பாட்டத்தில் என்னைத் தோளில் தூக்கிவைத்து, எங்கள் மொழியை அழிக்கிறார்கள் என்று தொண்டை கிழியக் கத்தியிருந்தார்.